பெருங்களத்தூர் ஹெரால்டின் முரண்டும் அதன் இயற்பியலும்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் பக்கம் போகிறவர்களுக்குப் பெருங்களத்தூரில் இன்று தெரிபவை ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும்தான். 1949 முதல் 1988 வரை அந்தப் பகுதியில் ஒரு கார் தொழிற்சாலை இயங்கியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை அது. முதலில் வேன்கார்டு காரை இங்கிலாந்திலிருந்து பாகங்களாகத் தருவித்துப் பூட்டினார்கள். பிறகு ஸ்டாண்டர்ட் எய்ட், டென், பென்னன்ட் என்று தொடர்ந்து, 1961இல் ஹெரால்ட் வந்தது. தென்சென்னையில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உறவினர் வீட்டிலோ, டாக்டர் வீட்டு வாசலிலோ ஒரு ஹெரால்ட் நின்றதை நினைவில் வைத்திருப்பார்கள்.

ஹெரால்ட் குடும்பக் கார்தான். ஆனால் அதன் ரத்த உறவு ஸ்போர்ட்ஸ் கார். 1962இல் இங்கிலாந்தில் வெளியான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, அதே முன் சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் பின் ஆக்ஸிலையும் வைத்துக் கட்டியது. இரண்டுக்கும் உடல் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. எஞ்சினும் ஒரே வம்சம். 1953இல் ஸ்டாண்டர்ட் எய்ட்டில் 803 சிசியாகப் பிறந்த அந்த எஞ்சினில் பிஸ்டன் ஓட்டம் 76 மில்லிமீட்டர். அந்த அளவை மாற்றாமல் சிலிண்டரை மட்டும் அகலப்படுத்தி 948, 1147, 1296 சிசி என்று வளர்த்தார்கள். கடைசியில் ஓட்டத்தையும் நீட்டி 1493 சிசி ஆக்கியபோது, அது எம்ஜி மிட்ஜெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஏறியது. பெருங்களத்தூரில் தயாரானது 948. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த தாம்பரத்து மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயரின் பானெட்டுக்கு அடியில் புதிதாகத் தெரிய அதிகம் இருக்காது.

இந்தக் கார்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: முரண்டு பிடிக்கும், நினைத்தால் ஓடும், இல்லையென்றால் நிற்கும் என்று. நான் அதை ஏற்பதில்லை. இவற்றின் ஒவ்வொரு கோளாறுக்கும் இயற்பியலிலோ வேதியியலிலோ தெளிவான காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் பாதி பழுது தீர்ந்தது. மீதி பாதிக்கு வேண்டியவை பொறுமையும் ஒரு நல்ல பட்டறையும்.

போல்ட்டில் நிற்கும் உடல்

1950களின் இறுதியில் புதிதாக வந்த சிறு கார்கள் பெரும்பாலும் சேசிஸும் உடலும் ஒன்றாகவே அமைந்தவை. ஹெரால்ட் மட்டும் பழைய வழிக்குத் திரும்பியது. தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய உடல். இதற்குப் பின்னால் ஒரு வணிகக் கதை இருக்கிறது. ஸ்டாண்டர்டுக்குக் கார் உடல் அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடிக்க ஆள் இல்லாததால், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்துப் பூட்டும் வடிவமைப்புக்குப் போனார்கள். பாகங்களாக அனுப்பி வெளிநாட்டில் பூட்டவும் அது தோதாக இருந்தது.

மெக்கானிக்குக்கு இதனால் பெரிய வசதி. பானெட்டும் இருபக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், ரேடியேட்டர், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டும். முன் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். சக்கரம் நன்றாகத் திரும்புவதால் 25 அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கும். தாம்பரத்தின் குறுகிய தெருக்களில் இன்றைய சின்னக் கார்கள்கூட அவ்வளவு சுருக்கமாகத் திரும்புவதில்லை.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை, இணைப்புகள். இரண்டு தகடுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் மழைநீர் தங்கும். தங்கும் இடத்தில் துரு பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகித் துருவை விரைவுபடுத்தும். சென்னையில் அதற்குக் கீழே இறங்கும் நேரம் குறைவு. கடற்காற்றின் உப்பு சேர்ந்தால், அதைவிட வறண்ட காற்றிலேயே அந்தப் படலம் உருவாகிவிடும். நல்லவேளையாக, உப்புத் துகள்கள் பெரும்பாலும் கரையை ஒட்டிய முதல் கிலோமீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. திருவான்மியூரில் கடலைப் பார்த்து நிற்கும் காரைவிடத் தாம்பரத்தில் நிற்கும் கார் நெடுநாள் தாங்கும். இறுக்கிப் போர்த்திய தார்ப்பாய் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். காற்றோட்டமுள்ள கூரையே மேல்.

எர்த் சரியாக இருக்கிறதா?

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களின் மின்சாரப் பாகங்கள் பெரும்பாலும் லூகாஸ் நிறுவனத்தவை. அவற்றைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் திட்டு வாங்குவதில் பெரும்பங்கு, பாகத்தின் குற்றம் அல்ல. மின்சாரம் திரும்பிவரும் வழியின் குற்றம். பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒயரில் போகும் மின்சாரம், திரும்பும்போது காரின் இரும்பு உடல் வழியாக வருகிறது. அதைத்தான் பட்டறையில் எர்த் என்கிறார்கள். ஹெரால்டின் உடலோ போல்ட் போட்ட துண்டுகள். ஹெட்லைட் இருப்பது கீல்போட்டுக் கவிழும் பானெட்டில். இடையில் ஓர் இணைப்பில் துரு ஏறினால் அங்கே மின்தடை கூடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டில் எரியும் 45 வாட் பல்பின் மின்தடை 3.2 ஓம். துருவேறிய எர்த்தில் வெறும் 0.3 ஓம் சேர்ந்தால் பல்புக்குக் கிடைப்பது 11 வோல்ட். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் சுமார் 3.4ஆம் அடுக்கில் மாறுகிறது. ஆகவே வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். செல்ஃப் மோட்டாரில் இது இன்னும் கடுமை. அது 150 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அங்கே 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் வீணாகும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின்மேல் நிற்பதால் சேசிஸோடு அதை இணைப்பது ஒரு பின்னல் பட்டைதான். அது அறுந்துபோனால், செல்ஃப் அடிக்கும்போது அத்தனை மின்சாரமும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகையும்.

பரிசோதனை எளிது. விளக்கைப் போட்டுவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையைப் பல்பின் எர்த்திலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் வழியில் துரு இருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லி பூசி மாட்டினால் போதும். டைனமோவையோ பேட்டரியையோ மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

மே மாதமும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலும்

வெயில் காலத்தில் தாம்பரம் மேம்பாலத்தை ஏறி இறங்குவதற்குள் கார் இருமி நிற்கும். பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றினால், கொஞ்ச நேரத்தில் மறுபடி புறப்படும். மெக்கானிக்குகள் ஏர்லாக் என்பார்கள். உண்மையில் பைப்பில் நிற்பது பெட்ரோலின் ஆவி. பெட்ரோல் பல சேர்மங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் பூட்டப்பட்டு, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது பைப்பில் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். உருவான ஆவியை பம்பின் டயாஃப்ரம் எத்தனை முறை அழுத்தினாலும், அது சுருங்கி விரியுமே தவிர நகராது. கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் நிற்கும்.

ஈரத்துணி வேலை செய்வதற்கும் இயற்பியல்தான் காரணம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் நீர் மெதுவாகவே ஆவியாகும். துணியின் பலன் குறையும். நிலையான தீர்வு வேறு. பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். இடையே தகரத் தடுப்பு வைக்க வேண்டும். அப்படியும் தீராவிட்டால் டேங்குக்குப் பக்கத்தில் ஓர் எலெக்ட்ரிக் பம்ப் பொருத்தலாம். அது பெட்ரோலைத் தள்ளுகிறது. தள்ளும்போது பைப்பில் அழுத்தம் கூடி, கொதிநிலை உயர்ந்துவிடுகிறது.

சூடு ஏறினால் நம் பட்டறைகளில் பலரும் முதலில் செய்வது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது. இது தீமை. சரியாக வேலை செய்யும் தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடானதும் முழுதாகத் திறந்துகொள்ளும். அதற்கு மேல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியது ரேடியேட்டரின் வேலை. கழற்றிவிட்டால் காலைநேரத்தில் எஞ்சின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடி, ஆயிலில் ஈரம் சேர்ந்து சேறு கட்டும், சிலிண்டர் தேயும். உண்மையான எதிரி ரேடியேட்டருக்குள் ஊற்றும் தண்ணீர். தென்சென்னைப் புறநகரின் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதை நெடுநாள் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் படிகிறது. அந்தப் படிவு வார்ப்பிரும்பைவிடப் பல பத்து மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்தும். வடித்த நீரில் கலந்த கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள். பழைய ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய் குழாயாகச் சுத்தம் செய்யும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருமுறை கொடுத்தெடுப்பது புது ஃபேன் மாட்டுவதைவிடப் பலன் தரும்.

பெட்ரோல் மாறிவிட்டது

கார் மாறவில்லை, அதற்கு ஊற்றும் பெட்ரோல் இரண்டு முறை மாறியது. முதல் மாற்றம் ஈயம் நீங்கியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஈயப் பெட்ரோல் முற்றிலும் நின்றது. மக்களின் உடல்நலத்துக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு, அது மிகப் பெரிய நன்மை. ஆனால் ஈயச் சேர்மம் எரிந்து எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, சூடான வால்வு இரும்போடு நுண்ணளவில் ஒட்டிப் பிய்ந்துவராமல் காத்தது. 948 எஞ்சினின் வால்வு சீட்டுகள் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்தவை. காப்புப் படலம் போனதும், வேகமாக ஓட்டப்படும் காரில் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும். அடையாளம் தெளிவானது. 0.25 மில்லிமீட்டர் வைத்த டேப்பெட் இடைவெளி, திறந்து பார்க்கும்போதெல்லாம் குறைந்திருக்கும். ஹெட்டை லேத்துக்குக் கொடுத்துக் கடினமான சீட்டுகளை அடித்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

இரண்டாவது மாற்றம் எத்தனால். 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக நாடெங்கும் வந்திருக்கிறது. ஒரு கிலோ தூய பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. புதிய கார்களில் கம்ப்யூட்டர் இதை அளந்து சரிசெய்கிறது. கார்புரேட்டரின் ஜெட் வெறும் துளை, அதற்குத் தெரியாது. அது முன்போலவே பெட்ரோல் விட, கலவை சுமார் 8 சதவீதம் வறண்டுபோகிறது. எஞ்சின் இழுவையில் தடுமாறும், சூடாகும். ஒரு படி பெரிய மெயின் ஜெட் பெரும்பாலும் போதும். எத்தனால் பழைய ரப்பர் பைப்புகளையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊறவைத்து உரிக்கும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பரால் செய்த பைப்புகளை மாட்டுங்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் தேங்கவிடாதீர்கள். வாரம் ஒருமுறை வண்டலூர் வரை ஓட்டிவருவது காருக்கு மருந்து.

ஸ்பிட்ஃபயரிலும் எம்ஜியிலும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு இருக்கும். ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது அது. எஞ்சின் உறிஞ்சும் காற்றுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் உயரும். அதோடு ஒட்டிய கூர்ஊசி ஜெட்டிலிருந்து மேலே வர, ஊசியின் மெலிந்த பகுதி அதிகப் பெட்ரோலுக்கு வழிவிடும். அழகான தானியங்கி ஏற்பாடு. சிக்கல், இரண்டும் சம அளவு காற்றை இழுக்க வேண்டும் என்பதில். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் காட்டி, சீறல் ஒன்றுபோல் வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்புவது பட்டறை முறை. எவ்வளவு திருப்பியும் ஐட்லிங் நிற்காவிட்டால், கோளாறு பெரும்பாலும் தேய்ந்த த்ராட்டில் தண்டில் இருக்கும். தண்டைச் சுற்றிக் கசியும் காற்று கணக்கையே கெடுக்கும். புஷ் மாற்றாமல் டியூனிங் நிலைக்காது.

உயிரைக் காக்கும் சில துளி ஆயில்

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் அலட்சியம் கூடாத இடம் ஒன்று உண்டு. முன் சக்கரம் திரும்பும்போது, எஃகுத் தண்டின் அடியில் வெட்டிய மரை, ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் சுழல்கிறது. காரின் முன்பாரம் அந்த மரையில் தொங்குகிறது. இங்கே கிரீஸ் போடக் கூடாது. 90ஆம் எண் கியர் ஆயில்தான். கிரீஸ் மரையின் பள்ளங்களுக்குள் இறங்காது. ஒதுங்கி, காய்ந்து, நீருக்கு இடம்விடும். வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வேகமாகும். அரித்த மரையின் அடிப்பள்ளத்தில் ஒரு நுண்விரிசல் தொடங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் வளர்ந்து, ஒருநாள் தண்டு முறியும். சக்கரம் உள்பக்கம் மடிந்துவிடும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழை வெள்ளத்தில் இறங்கி ஏறிய கார் என்றால், அடுத்த வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்: பழைய எண்ணெயும் நீரும் வெளியேறும்வரை புது ஆயிலைச் செலுத்துங்கள்.

அடுத்தது கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்பக்கம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது அரைவட்ட வாஷர்கள். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நின்றால் அவை விரைவில் தேயும். மிகவும் தேய்ந்தால் கழன்று ஆயில் தொட்டிக்குள் விழும், கிராங்கும் பிளாக்கும் உரசிக் கெடும். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்பக்க கிராங்க் புல்லியைப் பார்த்தால் போதும். புல்லி கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் உடனே கவனியுங்கள். நெரிசலில் நியூட்ரலில் நிற்பது இந்த எஞ்சினுக்கு ஆயுளைக் கூட்டும்.

பின் சக்கரங்களின் ஸ்விங் ஆக்ஸில் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். வளைவில் வேகமாகப் போகும்போது திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால், காரின் பின்புறம் உயர்ந்து, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கிப் பிடிப்பை இழக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். சோழவரம் பந்தயங்களில் ஹெரால்ட் ஓட்டியவர்கள் இதை உடலால் அறிந்தவர்கள். பெருங்களத்தூர் பொறியாளர்கள் 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டைத் திருத்தி கெஸல் என்று வெளியிட்டபோது, இந்த அமைப்பையே நீக்கி ஒற்றை ஆக்ஸில் வைத்தார்கள்.

கைகளில் இருக்கும் அறிவு

இந்தக் கார்கள் சென்னையில் இத்தனை காலம் பிழைத்ததற்குச் சுற்றியிருந்த தொழில்களும் காரணம். செம்பியத்தில் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1961இல் லூகாஸ் டிவிஎஸ், 1962இல் கெர்லிங்கோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா. பிரிட்டிஷ் வடிவமைப்பைக் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறையே இங்கே உருவானது. புதுப்பேட்டையில் ஸ்பேர் தேடலாம். கிடைக்காததைப் பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ லேத்தில் கடையலாம். 2021இல் மத்திய அரசு 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும், பதிவு பத்தாண்டு செல்லும். சட்டம் வழி விட்டிருக்கிறது. காரைக் காக்கும் அறிவைக் காக்கத்தான் இன்னும் ஏற்பாடு இல்லை. எந்த எர்த் எங்கே அரிக்கும், எந்தத் துளையில் ஆயில் விட வேண்டும் என்பதெல்லாம் வயதான சில மெக்கானிக்குகளின் கைகளில் இருக்கிறது.

பெருங்களத்தூர் தொழிற்சாலை திறந்த அதே 1949இல், அதே சாலையில் குரோம்பேட்டையில் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் படிப்புகளில் ஆட்டோமொபைல் பொறியியலும் ஒன்று. அங்கேயும் நம் ஐ.டி.ஐ.களிலும் ஒரு ஹெரால்ட் எஞ்சின் மாணவர் கைபட நிற்க வேண்டும் என்பது என் ஆசை. புதிய காரில் சென்சாரும் மென்பொருளும் மறைத்துவைப்பதை எல்லாம் அது திறந்து காட்டும்: காற்றும் எரிபொருளும் சேரும் விகிதம், மின்சாரம் திரும்பும் வழி, உலோகம் சோரும் விதம். அந்த வகுப்புக்கு ஆசிரியராகப் பட்டறையிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக்கை அழையுங்கள். அவர் செய்வதைப் படம் பிடியுங்கள். அவர் சொல்வதற்குக் காரணம் என்ன என்று மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கார் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கலாம்: என்ன கெட்டது, ஏன் கெட்டது, எப்படித் தீர்ந்தது. காரணத்தோடு எழுதிய ஒவ்வொரு பழுதும் அடுத்தவருக்கு முரண்டாகத் தெரியாது.